இடது கையின் அளவு

இப்போது அளவுகள் தொலைபேசியில் வருகின்றன. ரொறன்ரோவில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே அளந்து, எண்களையும் ஒரு படத்தையும் அனுப்புகிறாள். அவள் மன்னாருக்கு வந்து, கோட்டையைப் பார்த்து, பெருக்கமரத்தடியில் நின்று படம் எடுத்து முடிப்பதற்குள் உடுப்பு தைத்து மடித்து வைத்தாயிற்று. நல்லது. கடைக்கு வேலை நடக்கிறது. நான் இதைக் குறை சொல்ல எழுதவில்லை. கச்சான் காற்று எழும்பினால் வள்ளக்காரன் பாயைத் திருப்புகிறான். அதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

மாதர் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம். கடையில் இருக்கும் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்.

"அக்கா, நீங்கள் எவ்வளவு காலம் தைச்சனீங்கள். ஏதும் எழுதித் தாங்கோவன்."

"நான் தைச்சது குறைவு பிள்ளையள்."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"கூப்பிட்டனான்."

சிரித்தார்கள். ஆனால் உண்மை அதுதான். பதினான்கு வருடம் ஒரு திரைக்குப் பின்னால் நின்று எண்களைக் கூப்பிட்டேன். அதுதான் என் தொழில்.

கடையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஐம்பத்து மூன்று ஓய்வுக்குரிய வயது அல்ல. வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேல் எழும்ப மறுக்கிறது. வெளிநாட்டில் இருந்து வருகிற பெண்கள் நெட்டை. கடைசிக் காலத்தில் அவர்களின் முதுகை அளக்க ஒரு முக்காலியில் ஏறி நின்றேன். ஒருநாள் முக்காலி சரிந்தது. அதோடு சரி.

நறுவிலிக்குளத்தில் பிறந்தேன். கன்னியர் மடத்தில் இரண்டு வருடம் தையல் படித்தேன். பிறகு வந்த வருடங்களில் மெசினைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் மாறினோம் என்பதை இந்த மலரில் வேறு பலர் எழுதுவார்கள், நான் விடுகிறேன். சண்டை முடிந்து மன்னார்த் தீவுக்குள் வந்து ஒரு அறை எடுத்து இருந்தபோது, பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தையற்கடையில் மட்டை ஒன்று தொங்கியது: பெண்களுக்கு அளவெடுக்க ஒரு பெண் தேவை. தைக்க அல்ல, அளவெடுக்க. வெயிலில் நின்று அதை இரண்டு தரம் வாசித்தேன்.

கடைக்காரரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் சொல்லுவார்கள். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, இரண்டு மெசினோடும் ஒரு கத்தரிக்கோலோடும் ஊருக்குத் திரும்பியவர். மெலிந்த மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் நாடா. கதைக்கும்போது ஆளைப் பார்க்கமாட்டார், துணியைத்தான் பார்ப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். அவர் கிசுகிசுத்தால் கடையில் மெசின்கள் நின்றுவிடும்.

பெண்களின் உடுப்பை வெட்டுவதில் அவருக்கு நிகர் இந்தக் கரையில் இல்லை. ஆனால் அந்நியப் பெண்ணைத் தொட்டு அளக்கமாட்டார். அது அவருடைய மார்க்கம். மற்றக் கடைகளில் செய்வதுபோல ஒரு பழைய பிளவுஸை வாங்கி வைத்து அதைப் பார்த்து வெட்டவும் மாட்டார். "சட்டை பழைய கதையைச் சொல்லும் தங்கச்சி. உடம்புதான் இண்டைக்கு உள்ளதைச் சொல்லும்." ஆக, அவருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

முதல் நாள் எனக்கு ஒரு தலையணையைத் தந்து சுற்றளவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். திரும்ப எடுக்கச் சொன்னார். மூன்றாம் தரமும். மூன்று தரமும் மூன்று எண்கள்.

"தலையணை மூச்சு விடாது. அதுக்கே மூணு நம்பர் சொல்றீங்க. மனுசர் மூச்சு விடுவாங்க."

ஒரு கிழமை தலையணையையே அளந்தேன். நாடாவை இழுக்கக் கூடாது, கிடக்க விட வேண்டும். மூச்சு உள்ளே போய் வெளியே வந்து ஒரு கணம் சும்மா நிற்குமே, அந்த இடத்தில் எண்ணைப் பிடிக்க வேண்டும். கடலில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஒரு வெறுமை இருக்கிறது. எண் அங்கேதான் இருக்கிறது.

கடை ஒரே அறை. குறுக்கே ஒரு திரை. இந்தப் பக்கம் வெட்டுமேசை, மாஸ்டர், கதிரைகளில் காத்திருக்கும் சனம். அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, நான், அளவு கொடுக்கிற பெண். நான் கூப்பிடுவேன். அவர் திருப்பிச் சொல்லுவார். திருப்பிச் சொன்ன பிறகுதான் துணியின் மறுபக்கத்தில் சோக்கால் எழுதுவார்.

"உயரம் பதினாலு."

"பதினாலு."

"தோள் பதினாலரை."

"பதினாலரை."

பூசையில் குருவானவரும் சனமும் மாறி மாறிச் சொல்வதுபோல அது ஓடும். உயரம், தோள், நெஞ்சு, இடுப்பு, கைநீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து. எட்டு எண்கள். கதிரையில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். யாரும் வெட்கப்பட்டதில்லை. "இடுப்பு முப்பத்தெட்டு" என்று நான் கூப்பிட்டால் வெளியில் இருந்து ஒரு மாமி சொல்லுவா: "போன வருசம் முப்பத்தாறு. மருமகள் நல்லாய்ச் சமைக்கிறாள் போல." உள்ளே நிற்கிறவள் திரைக்குள்ளால் பதில் கொடுப்பாள்: "நான்தான் சமைக்கிறன், அவள் ரீவி பாக்கிறாள்."

இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். ஒன்று, மேலுடுப்பைக் கழற்றி உள்ளுடுப்போடுதான் அளவு. மற்றது, கைச்சுற்று வலது கைக்கு மட்டும். வேலை செய்கிற கை அது, அரை அங்குலம் பெரிதாக இருக்கும். அதற்கு வெட்டினால் இடது கைக்கும் போகும். மாஸ்டர் துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் இரண்டு கைகளையும் எடுப்பார்.

வெட்டுமேசைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி. பிழைத்த துணி அதில் ஒரு மாதம் தொங்கும். யாருடைய பிழையோ அவர் தன் கையால் தொங்கவிட வேண்டும். மாஸ்டரின் துணி இரண்டு தரம் தொங்கியது. யாரும் கேட்டால், "என்ட கத்தரி விட்ட பிழை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். என்னுடையது முதல் எட்டு வருடத்தில் ஒன்றுகூடத் தொங்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மறைக்கத் தேவையில்லை.

பிறகு வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கியது. வெள்ளைக்காரரும் வந்தார்கள், இங்கிருந்து போன நம் ஆட்களும் வந்தார்கள். கோட்டை, தலைமன்னார்ப் பழைய இறங்குதுறை, வாடைக் காலத்தில் வந்திறங்கும் பூநாரைகள். இவற்றைப் பார்க்க மூன்று நாள் தங்குவார்கள். அந்த மூன்று நாளுக்குள் ஒரு உடுப்பு வேண்டும். ஊரைப் பார்க்கிற சனத்துக்கு ஏன் அந்த ஊரில் தைத்த உடுப்பு வேண்டியிருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படம் எடுத்தால் ஊர் உங்கள் கைக்குள் வருகிறது. உடுப்புத் தைத்தால் ஊர் உங்களை அளக்கிறது. ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

ஒரே கிழமையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலாவது பெண், புருசனோடு சைக்கிளில் வந்தவள். சாரத் துணியில் ஒரு நீளச் சட்டை கேட்டாள். உள்ளே போங்கோ என்று கையால் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், தேவையில்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினாள், நின்ற இடத்திலேயே மேல்சட்டையைத் தலைக்கு மேலால் உருவினாள். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பியவர்தான், அவள் போகும்வரை திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே எட்டு எண்களையும் திருப்பிச் சொன்னார். சோக்குப் பிடித்த கை மட்டும் பின்னால் வந்து மேசையைத் தடவி எழுதியது. அந்தச் சட்டையில் ஒரு நூல் பிழை இல்லை.

இரண்டாவது பெண்ணை நான் வழக்கம்போலத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவள் நெருப்புப் பட்டதுபோல விலகினாள். மறுநாள், இப்படியான ஆட்களை எங்களிடம் அனுப்புகிற கெஸ்ட் ஹவுஸ்காரர் வந்தார். "ரெஜினா அக்கா, வெளிநாட்டுச் சனத்தைப் பிடிச்சு உலுப்பாதேங்கோ. விரும்பாட்டி உடுப்புக்கு மேலாலே எடுங்கோ. அவங்கள் அதுக்குப் பழகினவங்கள்."

மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "மேலால எடுத்தா துணியின்ட அளவுதான் வரும்." ஆனால் மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு சட்டம், உள்ளூர்ச் சனத்துக்கு ஒரு சட்டம். என் பிழை அந்த இடைவெளிக்குள்ளால்தான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை புளோரா அக்கா கடைக்கு வந்தா. கோயிலில் என்னோடு பாடகர் குழுவில் இருக்கிறவ. புருசனுக்கு மீன்வாடி. சிரித்தால் தெருவில் நிற்கிற கழுதையும் திரும்பிப் பார்க்கும். அவவின் மகனுக்கு அந்தச் சனிக்கிழமை கலியாணம். மணப்பொம்பிளையின் மாமிமார் எல்லாருக்கும் ஒரே பச்சை நிறத்தில் சாறி எடுத்துக் கொடுத்திருந்தா, பிளவுஸும் தானே தைப்பித்துத் தருவேன் என்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்தா. கடைசியாகக் கூட்டிவந்தது ஜெயசீலியை, பொம்பிளையின் தகப்பனுடைய தங்கச்சியை. பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போனவ, இப்போதுதான் முதல்தரம் திரும்பி வந்திருக்கிறா. அந்த வெக்கையிலும் மணிக்கட்டுவரை கையுள்ள சல்வார்.

"ரெஜினா, இவதான் பொம்பிளையின்ர மாமி. நாலு நாளாய்க் கோட்டையும் பாலமும் பாத்துத் திரியிறா. சம்மந்தி வீட்டு வாசலை மிதிக்க நேரமில்லை."

"அப்பிடியில்லை மச்சாள்."

"சும்மா பகிடிக்கு. சொந்த அண்ணன்ர வீடு இருக்க கெஸ்ட் ஹவுசில நிக்கிறா, பாரும். ஏசி இல்லாட்டி நித்திரை வராது போல."

ஜெயசீலி சிரித்தா. பையில் இருந்து ஒரு பழைய பிளவுஸை எடுத்து மேசையில் வைத்தா. "இது எனக்கு நல்ல அளவு. இதைப் பாத்தே தைக்கலாம்."

மாஸ்டர் அதைத் தொடாமல் பார்த்தார். "இது எப்ப தைச்சது?"

"அஞ்சு வருசம் இருக்கும்."

"நூல் பத்து வருசம் எண்டு சொல்லுது. அளவெடுப்பம்."

திரைக்குள் வந்ததும் அவ தாழ்ந்த குரலில் கேட்டா: "மேலாலேயே எடுங்கோ. ப்ளீஸ்."

வெளிநாட்டுக்காரி. எடுத்தேன். வலது பக்கச் சட்டைக்கையை மட்டும் தோள்வரை சுருட்டித் தந்தா. இடது கை வயிற்றோடு ஒட்டியிருந்தது, அதன்மேல் கைப்பை. நெஞ்சைச் சுற்றி நாடாவை விட்டபோது ஒரு பக்கம் மூச்சுக்கு அசைந்தது, மற்றப் பக்கம் அசையவில்லை. விரல் அதை அறிந்தது. தலை அதைக் கேட்கவில்லை. எட்டு எண்களையும் கூப்பிட்டேன். "கைச்சுற்று பதினொண்டு." "பதினொண்டு." துணியை மடித்து மாஸ்டர் வெட்டினார்.

வியாழக்கிழமை போட்டுப் பார்க்க வந்தார்கள். பின்னேரம். கச்சான் காற்று மண்ணை அள்ளிக் கதவில் எறிந்துகொண்டிருந்தது. புளோரா அக்கா பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்து பிளேன் ரீ குடித்தா. நானும் ஜெயசீலியும் உள்ளே.

பிளவுஸை மேலால் போட முடியாது. அவ கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றா. பிறகு சல்வாரைக் கழற்றினா.

இடது கையில் மணிக்கட்டில் இருந்து தோள்வரை தோல் நிறத்தில் ஒரு இறுக்கமான உறை. அதற்குள் கை வீங்கியிருந்தது. வேறொரு பெரிய உடம்பின் கையை எடுத்து இதில் பொருத்தியதுபோல. உள்ளுடுப்பின் இடது பக்கத்தில் ஒரு பஞ்சுப் பை. அதன் விளிம்புக்கு மேலால் மார்பில் ஒரு நீளமான வடு. நல்ல தையல். நேராக, நெருக்கமாக, ஒரே இடைவெளியில். நான் முதலில் பார்த்தது அந்தத் தையலைத்தான். பார்த்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனால் அதைத்தான் பார்த்தேன்.

வலது கை பிளவுஸுக்குள் போனது. இடது கை முழங்கைக்கு மேலே போய் நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.

"என்ன மச்சாள், போட்டாச்சோ? வெளியில வாங்கோ பாப்பம்!"

ஜெயசீலி என் கையைப் பிடித்தா. மூச்சை விடுவதுபோல மெதுவாகச் சொன்னா.

"சனிக்கிழமை முடியட்டும். அண்ணாக்கும் தெரியாது. இவையள் அறிஞ்சா பிள்ளையைப் பற்றித்தான் முதல் கதைப்பினம். கான்சர் பரம்பரை வருத்தம் எண்டுவினம். அவள்ர கலியாணம் நிண்டு போயிடும். நான் அதைப் பாக்கவோ வந்தனான்?"

"நான் வந்து கொக்கி போட்டு விடட்டே?" கதிரை கிறீச்சிட்டது. புளோரா அக்கா எழும்பிவிட்டா. செருப்புச் சத்தம் இரண்டு எட்டு வந்தது.

"வராதேங்கோ அக்கா!" என்று நான் கத்தினேன். "இஞ்ச இடமில்லை. நான் பிழை விட்டிட்டன். கைச்சுற்றுப் பிழைச்சுப் போச்சு."

செருப்புச் சத்தம் நின்றது.

கையை மெல்ல மெல்ல உருவி எடுத்தேன். சிறிய கத்தரியால் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது. நாடாவை இடது கையில் சுற்றினேன். சல்வாரைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, பிளவுஸோடு வெளியே வந்தேன். கடையில் வேறு மூன்று பெண்கள் இருந்தார்கள். மாஸ்டர் ஒரு துணியை நீவிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், கைச்சுற்று பதின்மூண்டே கால்."

அவர் திருப்பிச் சொல்லவில்லை.

புளோரா அக்காதான் கேட்டா. "முதல் எவ்வளவு எண்டு கூப்பிட்டனீர்?"

"பதினொண்டு."

"ரெண்டே கால் இஞ்சி! அடி ரெஜினா, எங்கட வாடித் தராசு துருப்பிடிச்சது, அதுகூட இப்பிடிப் பிழை விடாது. நாளையிண்டைக்குக் கலியாணம். அவ பிரான்சில இருந்து வந்து நிக்கிறா. இவ்வளவு காலமாய் அளவெடுக்கிறீர், ஒரு கையின்ர மொத்தம் தெரியேல்லையோ?"

"கண் பிசகிட்டுது அக்கா."

"கண் பிசகினால் கண்ணாடி போடும். இல்லாட்டி வீட்டில இரும்."

அந்த மூன்று பெண்களும் நிலத்தைப் பார்த்தார்கள். நாளைக்குத் தீவு முழுவதும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல ஒரு வாயே போதும், மூன்று இருந்தன.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். எட்டு வருடத்தில் முதல்தரம் என் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பிளவுஸை வாங்கி, பிரிந்த தையலைப் பார்த்தார். இடது பக்கத் தையல். வலது பக்கம் அப்படியே இருந்தது. அதை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

குரலைத் தாழ்த்தி, வேலை விசயமாக, அவர் ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, துணிய மடிச்சு வெட்டவா, விரிச்சு வெட்டவா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒன்றும் இல்லை. தையற்காரன் அளவெடுக்கிறவளிடம் துணியைப் பற்றிக் கேட்கிறான். ஆனால் மடித்து வெட்டினால் இரண்டு கையும் ஒரே அளவாக வரும். விரித்து வெட்டினால் ஒவ்வொரு கையாகத்தான் வெட்டலாம். ஒருவரும் கை வெட்டத் துணியை விரிப்பதில்லை. நான் அங்கே இருந்த காலத்தில் அவர் ஒருதரமும் விரித்ததில்லை.

"விரிச்சு வெட்டுங்கோ."

"முதல் எந்தப் பக்கம்?"

"இடது."

"பதின்மூண்டே கால்," என்றார் மாஸ்டர். இப்போதுதான் திருப்பிச் சொன்னார். பழைய பதினொன்றை அழிக்காமல், பக்கத்தில் சோக்கால் எழுதினார்.

துணி இருக்கவில்லை. சாறியோடு வந்த துண்டு முடிந்துவிட்டது. "சாறியில ஒரு முழம் எடுக்கணும். இடுப்பில சொருகுற பக்கம், ஆருக்கும் தெரியாது."

"ஐயோ, புதுச் சாறியை வெட்டுறதோ? அதுவும் கலியாணத்துக்கு முதல்?"

"வெட்டாட்டி உங்கட மச்சாள் துவாயைப் போத்திக்கொண்டுதான் கோயிலுக்கு வரணும்," என்றார் மாஸ்டர், துணியைப் பார்த்தபடி. அவர் பகிடி விட்டதை நான் கேட்டது அந்த ஒருதரம்தான். புளோரா அக்கா பெரிதாகச் சிரித்துவிட்டா. திரைக்குப் பின்னால் ஜெயசீலியும் சிரித்தது கேட்டது. அது எப்படியான சிரிப்பு என்று எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பிளவுஸ் தயார். ஜும்ஆத் தொழுகைக்கு முதல் முடித்துவிட வேண்டும் என்று மாஸ்டர் விடியவே வந்து வெட்டியிருந்தார். இடது கை உறைக்கு மேலால் அளவாகப் போனது. தோள்மூட்டில் இரண்டு சின்ன மடிப்பு வைத்து, அதே மடிப்பை மற்றத் தோளிலும் வைத்து, இரண்டு கையும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்படி செய்திருந்தார். கை நீளம் முன்புபோலவே முழங்கைவரை. உள்ளே இடது பக்க லைனிங் இரட்டையாக, மேலே திறந்து, ஒரு பைபோல இருந்தது. அதை அவரிடம் நான் கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு எண் போதும், மிச்ச உடம்பை அதில் இருந்து வெட்டிவிடுவார்.

சனிக்கிழமை பாடகர் மேடையில் இருந்து பார்த்தேன். பச்சைச் சாறியில் ஆறு மாமிமார், முந்தானையை இடது கைமேல் மணிக்கட்டுவரை விரித்துப் போட்டபடி வரிசையாக நின்றார்கள். யார் ஜெயசீலி என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. முன்வாங்கில் நின்றபடி புளோரா அக்கா அழுது அழுது பாடினா. சுருதி இல்லாமல், ஆனால் முழு மனதோடு. அவ என்னுடைய ஊர், என்னுடைய கோயில். அவவிடம் இருந்து ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அவவோடு ஒரே பாட்டைப் பாடினேன். அது பிழையா என்று அன்று யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன், பல நாள். விடை ஒரு நாள் ஒரு பக்கமாகவும் மற்ற நாள் மற்றப் பக்கமாகவும் விழுந்தது.

திங்கட்கிழமை மாஸ்டர் கழற்றிய கைத்துணிகளை என்னிடம் தந்தார். ஆணியைக் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை. தொங்கவிடப் போகும்போதுதான் கவனித்தேன், இரண்டு கைகள் இருந்தன. வலது கையில் ஒரு பிழையும் இல்லை. அதையும் பிரித்து, அதே பதினொன்றில் இன்னொன்று வெட்டித் தைத்திருக்கிறார். ஒரு கை மட்டும் ஆணியில் தொங்கினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். இரண்டு தொங்கினால் ரெஜினாவின் கண் பிசகு, அவ்வளவுதான்.

ஒரு மாதம் தொங்கியது. வந்தவர்கள் கேட்டார்கள். "நான் விட்ட பிழை" என்று சொன்னேன். சில பெண்கள் என்னிடம் இரண்டாம் தரம் அளக்கச் சொன்னார்கள். ஒருத்தி தன் வீட்டில் அளந்து எழுதிய துண்டைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டாம் நாள் மாஸ்டரிடம் கேட்டேன், கழற்றட்டுமா என்று.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. முந்திக் கழட்டினா சனம் யோசிக்கும்."

அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவும்தான். அதன்பிறகு வெளிநாட்டுக்காரர், உள்ளூர்க்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் இரண்டு கைகளையும் அளந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எனக்குக் கண் சரியில்லை என்றேன்.

பதினாலு, பதினைந்து மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தெருவில் வெயில் மட்டும். புளோரா அக்கா தனியாக வந்தா. வழக்கமான சத்தம் இல்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

"சீலி ரெலிபோன் எடுத்தவ. பிள்ளை பிறந்ததுக்கு வாழ்த்துச் சொல்ல. பிறகு எல்லாம் சொன்னவ. இன்னும் மருந்து நடக்குதாம்."

"ஓம்."

"உமக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம் அக்கா."

"நான் சனத்துக்கு முன்னால ஏசினன். வீட்டில இரும் எண்டன். நீர் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டீர்."

நான் மேசையில் கிடந்த துணியை மடித்தேன். வேறு என்ன செய்வது?

"நான் அறிஞ்சிருந்தால் கலியாணத்தைக் குழப்பியிருப்பன் எண்டோ நினைச்சனீர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எளிதான பதில். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் நான் ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், அதே ஆளுக்கு இன்னொன்று சொல்ல மனம் வரவில்லை.

புளோரா அக்கா வாசலைப் பார்த்தா. ஒரு ஓட்டோ போனது. அது போய்ப் புழுதி அடங்கும்வரை பார்த்தா.

"குழப்பித்தான் இருப்பன்," என்றா.

கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. தன் வீட்டு முகவரியைச் சொல்வதுபோலச் சொன்னா. "என்ர மனுசன் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டன். நிப்பாட்டியிருப்பன். அந்தப் பிள்ளை எங்கட வீட்டுக்கு வந்திருக்கமாட்டாள். இப்ப பேத்தி என்ர நெஞ்சில படுத்தால்தான் நித்திரை கொள்ளுறாள். ராத்திரி அதை வைச்சுக்கொண்டு இதையெல்லாம் யோசிச்சன்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குள் போனா. உள்ளே இருந்து சத்தம் வந்தது, பழைய சத்தம்.

"என்ன நிண்டுகொண்டு நிக்கிறீர்? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். வாரும், அளவை எடும்."

நான் உள்ளே போனபோது அவ இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தா.